படம் இல்லாத ஐந்து வரி

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். உத்திரமேரூரில் பஸ் ஏறும்போதே புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஆறாம் வகுப்பு, தமிழ். கற்றல் விளைவு என்று பாடத்திட்டத்தில் இருப்பது: புதிய பத்தியைத் தானே வாசித்துப் பொருள் சொல்வர். நாங்கள் வைக்கும் தேர்வு: நடத்திய பாடத்திலிருந்து கோடிட்ட இடம், சொற்பொருள், மனப்பாடப் பாட்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இதைப் பற்றிக் கல்லூரியில் நல்ல கட்டுரை எழுதினேன். மனப்பாடம் செய்துதான்.

நாளைக்கு வாசிக்கக் கொடுக்க நானே ஒரு பத்தி எழுதினேன். ஏரி, மடை, கொக்கு. ஐந்து வரி. படம் வேண்டாம்.

வாங்க: சாக்பீஸ், தலைவலி மாத்திரை.

செப். 9, செவ்வாய்

முதலில் கலைவாணி. வகுப்புத் தலைவி, எப்போதும் முதல் மதிப்பெண். தினமும் அவள் பாடத்தை ஒரு வரி சொல்ல, வகுப்பே திருப்பிச் சொல்லும். ரோடு வரை கேட்கிற குரல்.

ஐந்து வரித் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏ" என்றாள். அவ்வளவுதான்.

புத்தகத்தைக் கொடுத்தேன். கடகடவென்று ஒப்பித்தாள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்றேன். பக்கத்தின் தொடக்கத்திலிருந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து, விரல் இருந்த இடத்தில் நின்றாள். அப்போதும் தப்பு.

பின் பெஞ்சு: "டேய், லீடருக்கே படிக்க வர்லடா." "நம்மகிட்ட இன்னா பவுசு காட்டிக்கினு இருந்தா!" சிரிப்பு.

அதட்டினேன். தாமதம்.

சரியான கேள்விதான். கேட்டது எல்லோர் முன்னாலும்.

செப். 10, புதன்

தூறல். கலைவாணி கடைசி வரிசையில். பாடம் சொல்ல எழுந்திருக்கவில்லை. வேறு யாருக்கும் ஆரம்பிக்கத் தெரியவில்லை.

சத்துணவு வரிசையில் தனியாகக் கூப்பிட்டேன். சாயங்காலம் கொஞ்ச நேரம் இரு, எழுத்திலிருந்து சொல்லித் தருகிறேன்.

"எனக்குப் படிக்க வரும் மிஸ்."

"வரும்டா, இன்னும் கொஞ்சம்…"

"வரும்னு சொல்றேன்ல மிஸ்."

தட்டோடு போய்விட்டாள்.

தேர்வை மாற்றினேன். சொல்லித்தருவதை மாற்றவில்லை. ஜூனிலிருந்து அவளை ஒப்பிக்கவிட்டு ரசித்தது நான்தான்.

செப். 11, வியாழன்

வரவில்லை. களையெடுக்கப் போகிற வழியில் அவள் அம்மா வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று:

"இன்னா மிஸ் கேட்டீங்க அவள? சோறு துன்னாம குந்திக்கினு கீறா. இஸ்கூலுக்கே போவமாட்டேன்றா. நல்லாத்தான படிச்சிக்கினு இருந்துச்சி எம்பொண்ணு?"

தண்ணீர் குடிக்கிறீங்களா என்றேன்.

தலைமையாசிரியர் அவரிடம்: "நாளைக்குப் பாடத்துலேர்ந்துதாம்மா பரீட்சை. அனுப்பு." என்னிடம்: "கேள்வித்தாள பழைய மாதிரியே போடுங்க டீச்சர். மொதல்ல புள்ள வரட்டும்."

போட்டேன்.

செப். 12, வெள்ளி

வந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை.

பாடத்துக்குப் பின்னால் இருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருந்தாள். ஒரு பிழை இல்லை. இருபதுக்கு இருபது. கைதட்டல், பின் பெஞ்சிலிருந்தும்.

தாளை வாங்க மேசைக்கு வந்தவள், மெதுவாக:

"இனிமே அந்த மாதிரி வைக்கமாட்டீங்கல்ல மிஸ்?"

சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாட்டேன் என்றேன்.