நித்யாவின் நியூ ஜெர்சி

என் அன்பான சேகருக்கு,

நல்ல சேதியோடுதான் எழுதுகிறேன். பயப்படாதீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நியூ ஜெர்சியில் நம் மான்மவுத் ஜங்ஷன் வீட்டில் இருக்கவே முடியவில்லை. பிளானோவில் வேலை கிடைத்ததும் நித்யாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்கு டெக்ஸாஸ் பிடிக்கவில்லை. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். உங்களைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது; என்னிடம் கேட்டாலும் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

வாய் திறந்த ஒரு நாளும் சண்டைதான். அடிமை முறையைப் பற்றிப் பாடம் நடந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த கெவினிடம், டெக்ஸாஸ் மாதிரித் தென் மாநிலக்காரர்கள் நீங்கள்தான் மனிதர்களை விற்றீர்கள், எங்கள் நியூ ஜெர்சி அப்படி இல்லை என்று கத்தியிருக்கிறாள். டீச்சர் திட்டவில்லை. நியூ ஜெர்சியைப் பற்றியே படித்து வந்து பேசு என்றாராம்.

லைப்ரரிக்கு உற்சாகமாகத்தான் வந்தாள். கொஞ்ச நேரத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, கார் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள். அழும்போது மட்டும் அவளுக்குத் தமிழ் வந்துவிடுகிறது.

"அம்மா, அங்கயும் ஸ்லேவ்ஸ் இருந்தாங்களாம். நார்த்லயே லாஸ்ட்டா அவங்களை விடச் சட்டம் போட்டது நியூ ஜெர்சிதானாம்."

"அதுக்கு ஏன் கண்ணு அழற?"

"அது அப்பா ஊரும்மா."

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "அப்பா ஊருன்னா உனக்குப் பிடிக்கட்டும். அதுக்காக அங்க நடந்ததெல்லாம் சரின்னு சொல்லணுமா என்ன?"

அவள் வகுப்பில் பேசிய அன்று ஆபீஸில் பெர்மிஷன் போட்டுவிட்டுப் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பேசுவாளா, ஓடிவிடுவாளா?

எதையும் மறைக்கவில்லை அவள். சட்டம் வந்த பிறகும் யாரையும் உடனே விட்டுவிடவில்லை, அதன் பின் பிறந்த குழந்தைகள்கூடப் பெரியவர்களாகும் வரை உழைக்க வேண்டியிருந்தது என்றாள். கெவின் பக்கம் திரும்பி, அன்று தான் சொன்னது தப்பு என்றாள். கடைசியில் சொன்னாள்: "என் அப்பா வாழ்ந்த ஊர் அது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் இது நடந்தது."

வெளியே வந்ததும் அந்தக் கெவின் ஓடி வந்தான். உன் அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டான்.

சொன்னாள், சேகர்! பனி கொட்டும்போது நீங்கள் லுங்கியோடு வாசல் டிரைவ்வேயில் பனி அள்ளும் மண்வெட்டி பிடித்து நின்றதைச் சொன்னாள். லுங்கி என்றால் என்னவென்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. காருக்குள் உட்கார்ந்து நான் நிம்மதியாக அழுதேன்.

கோடை லீவில் அவளை அங்கே கூட்டிப் போகிறேன். நல்லது கெட்டது இரண்டையும் பார்க்கட்டும். உங்களைப் பற்றி அவள் எவ்வளவு கேட்டாலும், இனி நான் பேச்சை மாற்ற மாட்டேன்.

நித்யாவின் அம்மா,
என்றும் உங்கள் மனைவி
கௌரி