ஐந்தாவது ஞாயிறு யாருடையது

திங்கள், மார்ச் 24

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. பாரிவாக்கம் சிக்னலில் இருபது நிமிடம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

மதியம் ச. வந்து என் மேசை மேல் உட்கார்ந்தான். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவன், இப்போது எனக்கு மேலாளர். இதை இந்த நோட்டில் எத்தனை முறை எழுதியிருக்கிறேனோ. இன்னொரு முறை எழுதுவதில் நஷ்டமில்லை.

"இன்னா சார், ஞாயித்துக்கிழம ஆவடி வர்றீங்களா? இல்ல ஃபேமிலின்னு சொல்லி எஸ்கேப்பா?"

ஆவடி ஹாலில் கேரம் போட்டி. முதல் சுற்றிலேயே அவனும் நானும். பதவியில் முந்தினான், சரி. போர்டில் முந்த விடமாட்டேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இந்த மாதம் ஐந்து ஞாயிறு.

எங்கள் ஒப்பந்தம் (ஜனவரியில் என் மனைவி கலை போட்டது, ஏழு வயதுப் பாப்பா உட்பட மூவரும் கையெழுத்து): முதல் ஞா. எனக்கு. இரண்டாவது கலைக்கு. மூன்றாவது பாப்பாவுக்கு. நான்காவது காதுகுத்து, கிரகப்பிரவேசம், என் அண்ணன் முகத்தில் விழிப்பது போன்றவற்றுக்கு. யாருடைய ஞாயிறோ அவர் சொன்னதுதான் சட்டம். மற்றவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது. கடைசி விதி எனக்காகவே எழுதப்பட்டது.

ஐந்தாவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

செவ்வாய், 25

இட்லி மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பம்.

சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். பாப்பா முந்திக்கொண்டாள். குத்தம்பாக்கம் போக வேண்டுமாம். புது பஸ் ஸ்டாண்டு பார்க்க வேண்டுமாம்.

"அது இன்னும் தொறக்கவே இல்லடி. பஸ்ஸே இல்லாத பஸ் ஸ்டாண்டுல என்ன பாப்ப?"

"பஸ் வர்றதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்னு பாக்கணும். வந்துட்டா அப்புறம் பாக்க முடியாதுல்ல?"

இன்னொரு ஊத்தப்பம் போட்டுக்கொண்டேன். முதுகலை படித்தவன்.

கலையைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள், தட்டைக் கழுவிக்கொண்டே. நல்லது, ஒரு ஆள் குறைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

என் அப்பா என்னை எதுவும் கேட்டதில்லை. அண்ணனைக் கேட்பார். நான் பாப்பாவைக் கேட்கிறேன். கேட்பது வரைக்கும் சுலபமாகத்தான் இருக்கிறது.

புதன், 26

சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று கலை சொன்னாள். பாப்பா எழுதினால் எழுத்து பெரிதாக வரும், மடித்தாலும் தெரியும் என்று சொல்லி நானே எழுதினேன்.

மூன்று சீட்டு. மூன்றிலும் ‘அப்பா’.

மூன்றையும் ஒரே அளவில், அழகாக எழுதினேன். அதையும் குறித்துவைக்க வேண்டும்.

பாப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு டம்ளருக்குள் கையை விட்டாள். ஒன்றை எடுத்துப் பிரித்தாள். எழுத்துக் கூட்டி, "அ... ப்... பா. அப்பா!" ஒரு நொடி உதடு கோணியது. பிறகு கை தட்டினாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாதல்லவா.

"கேரம்ல ஜெயிச்சா கப் தருவாங்களாப்பா?"

தருவார்கள் என்றேன். மீதி இரண்டு சீட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழன், 27

தொழிற்சாலையில் தரம் சரியில்லை என்று இரண்டு பேட்ச் திருப்பி அனுப்பினேன். என் முடிவை ச. மாற்றவில்லை. ஆச்சரியம்.

மாலையில் அரை மணி நேரம் போர்டில் பழகினேன். ரெட் போட்டால் அதற்கு அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காய் விழவில்லை. பாப்பா கூடவே உட்கார்ந்து பவுடர் தூவிக்கொண்டிருந்தாள். நான் ஜெயிக்க வேண்டுமென்று கோயிலில் வேண்டிக்கொண்டாளாம்.

போர்டைச் சாய்த்து வைத்துவிட்டேன்.

வெள்ளி, 28

மின்வெட்டு, 6 முதல் 6.40 வரை. வேர்வை.

தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போனேன். கதவில், மாம்பழக் காந்தத்துக்கு அடியில், இரண்டு சீட்டுகள் பிரித்து, பக்கம் பக்கமாக. அப்பா. அப்பா.

கலை துணி ஊறவைக்கும் முன் பையைப் பார்ப்பாள் என்பதைப் பதினான்கு வருடமாகத் தெரிந்துவைத்திருக்கிறேன்.

அவள் ரசம் தாளித்தாள். காலை ஐந்தரைக்கு எழுந்து ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போய், நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வருகிறவள். வலிக்காமல் குத்தத் தெரியும். வலிக்கும்படியும் தெரியும்.

நான் எடுக்கும் முன் பாப்பா பார்த்துவிட்டாள். சத்தமாகப் படித்தாள். யோசித்தாள்.

"புதன்கிழம நான் எடுத்ததும் அப்பா. இதுவும் அப்பா. இதுவும் அப்பா. அப்போ அம்மா சீட்டு எங்க? பாப்பா சீட்டு எங்கப்பா?"

"உங்கப்பாவையே கேளு" என்றாள் கலை.

எழுதவில்லை என்றேன். வேறு என்ன சொல்ல.

"அழுவுணி!" என்று கத்தினாள். "அப்பா அழுவுணி ஆட்டம் ஆடிச்சு!"

என் அண்ணன், ச., காலேஜில் எனக்கு மார்க் குறைத்த வாத்தியார், இவர்களையெல்லாம் இந்த நோட்டில் இதே சொல்லால்தான் திட்டியிருக்கிறேன். என்னை ஒருவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். ரசம் நன்றாக இருந்தது.

சனி, 29

பஞ்சாயத்து. பாப்பா சோபாவில், நான் தரையில்.

அவள் வகுப்பில் ஒரு விதி உண்டாம். அழுவுணி ஆடினவர்கள் ஒரு ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். ஆகவே என் பெயர் குலுக்கலில் கிடையாது. கேரமும் கிடையாது.

"கேரம் அப்பாவுக்கு ரொம்ப நாளா..." என்று ஆரம்பித்தேன்.

"உக்காரணும்னா உக்காரணும்" என்றாள். அவள் அம்மாவின் குரல் அப்படியே.

இரண்டு சீட்டு. பாப்பாவே எழுதினாள். அம்மாவில் புள்ளியை விட்டுவிட்டாள்: ‘அமமா’. கலை இரண்டையும் பிரித்து என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுத்தான் மடித்தாள். தேவைதான் எனக்கு. பங்கு இல்லாதவன் என்பதால் எடுக்கும் வேலை என்னுடையது.

எடுத்தேன். அமமா.

பாப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கலை விட்டுக்கொடுத்துவிடுவாள், எல்லா அம்மாக்களும் செய்வதுதானே என்று எதிர்பார்த்தேன். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நெஜமா சொல்லட்டுமா? நாளைக்குக் காலைல ஒம்போது மணிலேருந்து சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இந்த வீட்ல இருக்கக் கூடாது. ஃபோனும் பண்ணக் கூடாது."

"நீ என்ன பண்ணப் போற?"

"அத சொல்லணும்னு ஒப்பந்தத்துல இருக்குதா?"

இல்லை.

பதினான்கு வருடத்தில் ஒரு பகல்கூட இந்த வீடு அவளுக்கென்று தனியாக இருந்ததில்லையாம். கணக்குப் பார்த்தேன், உண்மைதான். செவ்வாய்க்கிழமை ‘ஒண்ணும் வேணாம்’ என்றாளே, அப்போது இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

வெளியே போயே ஆக வேண்டும் என்று ஆனதும் பாப்பா என்னைப் பார்த்தாள். "அப்போ பஸ் ஸ்டாண்டு?" கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, சிரிப்பு வந்துவிட்டது.

ச.வுக்கு ஃபோன் செய்து வரவில்லை என்றேன். "பயந்துட்டீங்களா சார்?" ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.

ஞாயிறு, 30

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வெளியேற்றப்பட்டோம். தண்ணீர் பாட்டில், தொப்பி, பிஸ்கட். கதவை உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.

வண்டி வேண்டாம், பஸ்தான் என்று பாப்பா. பூந்தமல்லியில் ஏறி, திருமழிசை தாண்டி இறங்கி, வெயிலில் நடை. பூட்டிய கேட். உள்ளே பெரிய கூரை, வரிசையாகக் கோடுகள், ஒரு நாய்.

வாட்ச்மேன் எழுந்து வந்தார். "இன்னா சார், இன்னும் தொறக்கலியே. பஸ்ஸு வோணும்னா மெயின் ரோட்டாண்ட போணும்."

"பஸ்ஸுக்கு வரல. பாக்க வந்தோம்."

"எத்த?"

"இதத்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பாப்பா கம்பிக்குள் மூக்கை நுழைத்தாள். "அங்கிள், பஸ்ஸெல்லாம் எங்க நிக்கும்?"

"தோ, அந்தாண்ட கோடு போட்டுக்கீது பாரு, அங்க."

"நின்னு நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்கம்மா பாத்தேன்! வெறும் எடத்த காத்துகினு கீறேன்."

ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ஊர் பெயர் வைத்தாள். வேலூர், காஞ்சிபுரம், அப்பா ஆபீஸ், பாட்டு கிளாஸ். கேட்டைத் தட்டி, "ரைட், ரைட்!" இல்லாத பஸ்கள் எல்லாம் நேரத்துக்குக் கிளம்பின. வாட்ச்மேனும் ஒரு விசில் கொடுத்தார். ஐம்பது நிமிடம் நின்றேன். கால் வலி. அலுக்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை.

ஒரு மணிக்குப் பூந்தமல்லியில் பிரியாணி. ஆவடி ஹாலிலிருந்து செய்தி: நான் வராததால் ச. முதல் சுற்றில் சும்மா தாண்டினான், இரண்டாவதில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் தோற்றான். சந்தோஷம். மறைக்கப்போவதில்லை. பாப்பாவுக்கு இன்னொரு முட்டை வாங்கித் தந்தேன்.

பிறகு ஏரிக்கரை, பொம்மைக் கடை (பார்க்க மட்டும்), கரும்புச்சாறு, இரண்டு சண்டை. நான்கு மணியிலிருந்தே வீட்டுக்குப் போகலாம் என்று அவள் நச்சரிப்பு. எனக்கும்தான் ஆசை.

5.40. எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறோம். மேலே எங்கள் வீட்டில் ரேடியோ. கலை கூடவே பாடுகிறாள், சுருதி இல்லாமல், சத்தமாக. அவள் பாடுவாள் என்பது எனக்குத் தெரியாது.

கீழ்வீட்டு தேவி பால் வாங்கிக்கொண்டு வந்தவள் நின்றாள். "இன்னா அண்ணா, படியில குந்திகினு கீறீங்க? சாவி இல்லியா?"

"இருக்குது."

"அப்பறம்?"

பாப்பா வாயில் விரல் வைத்து, மெதுவாகப் பேசச் சொன்னாள். "எங்கம்மா ஞாயித்துக்கிழம இன்னும் முடியல ஆன்ட்டி. இருவது நிமிஷம் இருக்கு."