கொண்டை இல்லாத சேவல்

சான் ரோக், இலோயிலோ
27 பிப்ரவரி 1994

என் அக்கா மகள் பெர்லிதாவுக்கு,

மாமா கோரியோ எழுதுவது. நாங்கள் நலம், உன் சேவல் மட்டும் நலமில்லை. 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கன்றுக்குட்டி அளவுள்ள ஒரு தெருநாய் உன் வெள்ளைச் சேவலைக் கவ்விவிட்டது. நெஞ்சு கிழிந்து, கொண்டையும் தாடியும் தொங்கின. தொங்கியதை வெட்டினேன். கொய்யா இலை அவித்த தண்ணீரில் காயத்தைக் கழுவிப் பதினேழு தையல் போட்டேன். இருபது வருஷமாய்ச் சண்டைக்களத்துச் சேவல்களைத் தைத்த கை! டவுன் கால்நடை டாக்டரே வந்து பார்த்துவிட்டு, எங்கே கற்றாய் என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு சாலிங் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "கோரியோ, பேசாம அத சட்டியில போட்டுடேன்" என்றாள். "எங்கையில ஊசி இருக்கிற வரைக்கும் அது சட்டிக்குப் போகாதுடி, போ!" என்றேன். ஊரே கை தட்டியது.

சேவல் வைத்தியத்தில் இந்தத் தீவிலேயே முதல் ஆளான
உன் மாமா கோரியோ


ஹாங்காங்
9 மார்ச் 1994

மாமாவுக்கு,

சாலிங் அக்கா பேரனின் ஞானஸ்நானப் படம் அனுப்பியிருக்கிறாள். படத்தின் ஓரத்தில் தேதி: பிப்ரவரி 6. பின்னால் வேலிமேல் என் சேவல் நிற்கிறது, கொண்டை இல்லாமல். நாய் வந்தது 20ஆம் தேதி என்றீர்களே?

கொண்டையை எதற்கு வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? எதிரிச் சேவலின் அலகுக்குப் பிடி கிடைக்கக் கூடாது என்றுதானே! ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறக்கியிருக்கிறீர்கள். அம்மாவை அடக்கம் செய்த அன்று முட்டையை உடைத்துக்கொண்டு வந்தவன் அவன். "அவன் கால்ல கத்தி கட்டக் கூடாது மாமா" என்று பஸ் ஏறும்போது உங்கள் கையைப் பிடித்துச் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள்.

மே மாதம் வருகிறேன். இனி உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன்.

பெர்லிதா


சான் ரோக்
20 மார்ச் 1994

மகாராணி பெர்லிதாவுக்கு,

என்னையா பொய்யன் என்கிறாய்? நாலாம் வகுப்புப் படித்தவனுக்குத் தேதி தெரியாதா? சாலிங்கின் கேமரா ஓட்டைக் கேமரா, போன வருஷத் தேதியைக்கூட அடிக்கும். நாய்தான் கடித்தது. ஒன்றல்ல, இரண்டு நாய்! உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனுக்கு இதுவா மரியாதை? பதில் எழுது!

கோரியோ


சான் ரோக்
17 ஏப்ரல் 1994

பெர்லிதா,

உன் பதில் வரவில்லை.

நாய் இல்லை. கத்தியை நான்தான் கட்டினேன். டாக்டர் யாரும் வரவில்லை. தையல் ஒன்பது. அதில் மூன்று சீழ் வைத்தது, பிரித்து மறுபடி போட்டேன். கஞ்சியை விரலில் எடுத்து ஊட்டினேன். செவ்வாய்க்கிழமை எழுந்து நின்றான்.

என்னைக் கண்டால் மூலைக்கு ஓடுகிறான். சாலிங் போட்டால் தின்கிறான். அதனால் கூடையோடு அவள் வீட்டில் விட்டுவிட்டேன். காயம் கழுவ மட்டும் போகிறேன், அப்போது அவள் பிடித்துக்கொள்கிறாள்.

மே மாதம் அங்கே போய்ப் பார். என் வாசலைத் தாண்டிப் போக வேண்டாம். அவள் வீட்டுப் பின்பக்க வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி வெட்டி வைத்திருக்கிறேன்.

கோரியோ