பத்தொன்பதாவது கையெழுத்து

ஜனவரி 6, 2026 – செவ்வாய்

விடுமுறை முடிந்து முதல் பி.டி. வகுப்பு. நான்காம் வகுப்பு 'பி'. முப்பத்தெட்டுப் பேர், இருபது பந்து. பந்து என்றால், பழைய சாக்ஸுக்குள் தையற்கடைத் துணுக்குகளை அடைத்து நானே வாய் தைத்தவை. மேலே பட்டால் வலிக்காது. வலிக்காது என்று தெரிந்த பிறகுதான் குழந்தைகள் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பந்து பிடிப்பதில் பாதி அதுதான்.

மதிலுக்கு அப்பால் மெட்ரோ வேலையின் இரைச்சல். கத்திக் கத்தித் தொண்டை போனது. எறிகிற கைக்கு எதிர்ப்பக்கத்துக் கால் முன்னால் இருக்க வேண்டும். வலது கையால் எறிந்தால் இடது கால். இதை இன்று நூறு முறை சொல்லியிருப்பேன்.

அன்புக்கரசி மட்டும் வலது கையால் எறிந்து வலது காலையே முன்னால் வைக்கிறாள். நாலு தடவை குனிந்து அவள் ஷூவைப் பிடித்து மாற்றி வைத்தேன். நாலு தடவையும் அது பழைய இடத்துக்கே போனது. பந்து அவள் காலடியிலேயே விழுந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் அழவில்லை. போய் எடுத்து வந்து, மறுபடி தப்பாகவே எறிந்தாள்.

அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 8 – வியாழன்

விளையாட்டு விழா பிப்ரவரி 20. பட்டியல் வந்துவிட்டது. நான்காம் வகுப்பு ஆண்கள்: ஐம்பது மீட்டர் ஓட்டம், பந்து எறிதல். பெண்கள்: ஐம்பது மீட்டர் ஓட்டம், எலுமிச்சை–ஸ்பூன்.

வாயில் ஸ்பூனைக் கவ்விக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதுவும் கீழே விழுந்துவிடாமல் மெதுவாக நடக்க வேண்டும். ஒரு பெண்ணிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

தலைமையாசிரியை மர்சலின் மிஸ்ஸிடம் போனேன். வருஷா வருஷம் இதுதான் பட்டியல், பெண்களுக்கு எறிய வராது, பார்க்க நன்றாக இருக்காது என்றார். கற்றுக்கொடுக்கவில்லை, அதனால் வரவில்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒரு வருஷக் கான்ட்ராக்ட்ல வந்திருக்கே ஜொவிட்டா. மொத வருஷமே சண்டையா?"

"சண்டை இல்ல மிஸ். பந்துதான்."

 

ஜனவரி 9 – வெள்ளி

மர்சலின் மிஸ் ஒரு படி இறங்கி வந்திருக்கிறார். வகுப்பின் பத்தொன்பது பெண்களுக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும். பிப்ரவரி 6 கடைசி நாள். "ஒருத்தர் குறைஞ்சாலும் எலுமிச்சம்பழம்தான், சொல்லிட்டேன்."

நடக்காது என்று நம்பித்தான் சொல்கிறார்.

சரி. பத்தொன்பதும் வாங்கிக் காட்டுகிறேன்.

ஜனவரி 13 – செவ்வாய்

படிவங்களைக் கொடுத்தனுப்பினேன். அப்படியே பொங்கல் விடுமுறை. கரும்போடு சேர்த்து வீட்டில் படிக்கட்டும்.

ஜனவரி 20 – செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும். தப்பு என்னுடையது.

தொண்டை கட்டிக் குரலே இல்லை. வழக்கமாகப் பிள்ளைகள் வரிசையில் வருவார்கள், வலது கையை நீட்டுவார்கள், நான் பந்தை வைப்பேன், 'தேங்க்யூ மிஸ்' சொல்லிப் போவார்கள். எங்கள் பள்ளியில் நோட்டு, பிறந்தநாள் சாக்லேட், எல்லாமே இப்படித்தான் கைமாறும். இடது கை நீண்டால் "அந்தக் கை இல்ல" என்று எல்லா டீச்சர்களின் வாயும் தானாகச் சொல்லும். என் வாயும்தான்.

இன்று பேச முடியாததால் கூடையைத் தரையில் வைத்துவிட்டு விசில் ஊதினேன். ஓடிவந்து அவரவரே எடுத்தார்கள்.

அன்புக்கரசி இடது கையால் எடுத்தாள். எடுத்ததும் என்னைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் பந்து வலது கைக்குப் போய்விட்டது.

ஆக, கால் சரியாகத்தான் இருந்திருக்கிறது. வலது கால் முன்னால்: இடது கையால் எறிகிறவளுக்கு அதுதான் சரி. உடம்புக்கு அது தெரிந்திருக்கிறது. நான்தான் மண்டி போட்டு உட்கார்ந்து, சரியாக இருந்த ஒன்றையும் திருத்திக்கொண்டிருந்தேன். இத்தனை புத்தகம் படித்தவள். மர்சலின் மிஸ்ஸின் அறையில் அத்தனை வாய் பேசியவள்.

பக்கத்தில் போய்க் கரகரத்த குரலில், எந்தக் கை சுலபமோ அதில் எறி என்றேன். அவள் நம்பவில்லை.

"அடிக்க மாட்டீங்களா மிஸ்?"

"மாட்டேன்."

பந்து மதிலைத் தாண்டிப் போனது.

வாட்ச்மேன் குலாம் ரசூல் பாய் ஒரு கையில் டீ தம்ளரும் மறு கையில் சாக்ஸ் பந்துமாக வந்தார். "இன்னா மிஸ், நா பாட்டுக்கு டீ குடிச்சிக்கினு கீறேன், தலைமேல சாக்ஸ் வந்து வுழுது. யாரு, அஞ்சாங் கிளாஸ் பசங்களா?"

அன்புக்கரசி என்றேன். அவர் அவளையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாயே தொறக்காதே, அந்தப் பொண்ணா? சரிதான். இனிமே ஹெல்மெட் போட்டுக்கினுதான் டீ குடிக்கணும்."

அவள் சிரித்தாள். இந்த வருஷத்தில் முதல்முறை பார்க்கிறேன்.

ஜனவரி 22 – வியாழன்

கூடை இனி தரையில்தான். முப்பத்தெட்டில் நாலு பேர் இடது கை. மூன்று பெண்கள், ஒரு பையன். அந்தப் பையனை வீட்டில் யாரும் மாற்றவில்லையாம். கிரிக்கெட்டுக்கு நல்லது என்று அவன் அப்பா விட்டுவிட்டாராம்.

இதற்குமேல் நான் எதுவும் எழுத வேண்டாம்.

ஜனவரி 27 – செவ்வாய்

பதினைந்து கையெழுத்து. மெஹக்கின் அப்பா, 'ஷூ கிழியாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

அன்புக்கரசியிடம் கேட்டேன். அம்மா கையில் இருக்கிறது என்றாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஜனவரி 30 – வெள்ளி

காலை எட்டரைக்கு அன்புக்கரசியின் அம்மா வந்தார். பெயர் இசக்கியம்மாள். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. கடைச் சீருடைப் புடவையிலேயே வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என்னைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும்.

"டீச்சர், ஒரு வாரமா அவ பீச்சக்கையால சோத்த அள்ளுதா. கேட்டா, மிஸ்ஸு சொன்னாங்கன்னு சொல்லுதா."

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லவில்லை, பந்துக்கு மட்டும்தான் என்று விளக்கினேன்.

"பந்துக்கு ஒரு கை, சோத்துக்கு ஒரு கையா? ரெண்டு வருஷம் கையக் கட்டி வச்சு, அடிச்சு மாத்தி வச்சிருந்தேன். நீங்க ஒரு பீரியடுல அவுத்து விட்டுட்டீங்க. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போயி எந்தக் கையால பரிமாறுவா? அவளையா சொல்லுவாங்க? என்னத்தான் சொல்லுவாங்க."

எட்டு வயது, இன்னொரு வீடு எங்கே வந்தது என்றேன். அப்போது அவர் இடது கை வளையல்களை மேலே தள்ளினார். மணிக்கட்டில் விரல் நீளத்துக்கு ஒரு பழைய தழும்பு.

"எங்கய்யா வச்ச சூடு. எனக்கும் இந்தக் கைதான். மாத்திக்கிடலையா? செத்தா போயிட்டேன்?"

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"நீங்க சாகல. ஆனா அவ ஏன் கொஞ்சங்கூட சாகணும்?"

அவர் முகம் இறுகிவிட்டது. படிவத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டார்.

யார் நான், அவரிடம் அப்படிப் பேச? அவர் பயம் கற்பனை இல்லை. ஊர் அவரைத்தான் சொல்லும். அதுவும் எனக்குத் தெரிகிறது. சொன்ன விதத்துக்காக வெட்கப்படுகிறேன். சொன்னதற்காக – இல்லை. எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் இல்லை.

பிப்ரவரி 3 – செவ்வாய்

பதினெட்டு.

வராந்தாவில் மர்சலின் மிஸ். "மார்க்கெட் போறேன். பழம் சொல்லிடட்டுமா? ரெண்டு டஜன் போதும்ல?"

இன்னும் மூன்று நாள் இருக்கிறது மிஸ் என்றேன்.

வீட்டில் அம்மா, எல்லாரையும்போல் இருந்துவிட்டுப் போயேன், கான்ட்ராக்ட் நீட்டிக்கட்டும், பிறகு கேள் என்கிறாள். பிறகு கேட்கிற பழக்கம் பிறகு வராது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. மீன் குழம்பு நன்றாக இருந்தது.

பிப்ரவரி 5 – வியாழன்

வியாழன் பி.டி. கடைசிப் பீரியட். இசக்கியம்மாளுக்கு வார விடுமுறை போலிருக்கிறது, பள்ளி விடுவதற்கு அரை மணி முன்பே கேட்டுக்குள் வந்து குலாம் ரசூல் பாய் பக்கத்தில் நின்றார். பார்த்தேன். அன்புக்கரசியும் பார்த்தாள். உடனே பந்து வலது கைக்குப் போனது.

 இது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் என்று நினைத்தேன். வலது கையால் எறிந்தாள், காலடியில் விழுந்தது. மறுபடி. மறுபடியும் காலடியில். எதிரே நின்ற மெஹக் பொறுமையிழந்து, "ஒழுங்கா போடுடீ" என்று கத்தினாள்.

அன்புக்கரசி பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பந்தை இடது கைக்கு மாற்றினாள். ஒளிக்காமல், நிதானமாக. எறிந்தாள்.

மெஹக்கின் தலைக்கு மேலே, கேட்டைப் பார்த்து.

இசக்கியம்மாள் பிடித்தார். இடது கையால். வலது கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணைக்கூட மூடவில்லை.

"அட, இன்னா கேட்ச்சும்மா அது" என்றார் பாய்.

இசக்கியம்மாள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பந்தைத் திருப்பி எறிந்தார். எறியும்போது வலது கால் முன்னால் வந்தது. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

 மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போனார். படிவம் வரவில்லை.

நாளை கடைசி நாள்.

பிப்ரவரி 6 – வெள்ளி

காலையில் படிவம் வந்தது. அன்புக்கரசி நீட்டினாள், நான் வாங்கினேன். எந்தக் கை என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

பத்தொன்பதையும் அடுக்கி மர்சலின் மிஸ் மேஜையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியாக இருந்த அன்புக்கரசியின் படிவத்தில் நிறுத்தினார்.

"இது யாரு போட்டது? பொண்ணே போட்டிருக்கா."

எழுத்து அப்படித்தான் இருந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, கோட்டை விட்டு மேலே ஏறிப்போனது. மதிப்பெண் அட்டையை எடுத்து வரச் சொன்னார். அதில் அவள் அம்மா அழகாக, சாய்வாக, வேகமாகப் போட்ட கையெழுத்து. இரண்டும் ஒரே ஆள் போட்டது என்று நானே நம்ப மாட்டேன். ஒரு கணம் நம்பவும் இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

செல்லாது என்றார். அம்மாவைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். வேலை நேரத்தில் எதற்கு என்றார். கூப்பிடாமல் செல்லாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை மிஸ் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. ஆபீஸ் அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

அவரே போன் போட்டார்.

இசக்கியம்மாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். தி.நகரிலிருந்து வெயிலில் பஸ் பிடித்து. கழுத்தெல்லாம் வியர்வை. மர்சலின் மிஸ் இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, எதும்மா உன்னுடையது என்றார்.

"ரெண்டும்தான்."

ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். பேனாவை இடது கையில் எடுத்தார். எட்டு எழுத்து. முனை தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தினார். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.  படிவத்தில் இருந்த அதே கோணல்.

"ரெண்டாங் கிளாஸ்ல விட்டது டீச்சர். இப்படித்தான் வரும்." மர்சலின் மிஸ்ஸிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சோறு மட்டும் சோத்தாங்கையாலதான். அதுல நான் மாற மாட்டேன், சொல்லிட்டேன்."

தலையாட்டினேன். அதில் சண்டை போட எனக்கு இப்போது தெம்பில்லை. பிறகு பார்க்கலாம் – இல்லை, அது அவர்கள் வீடு.

மர்சலின் மிஸ் தாளைப் படிவத்தோடு சேர்த்துப் பின் குத்தினார். சிவப்புப் பேனாவை எடுத்து, பட்டியலில் எலுமிச்சையை அடித்தார்.

பிப்ரவரி 20 – வெள்ளி

பெண்கள், பந்து எறிதல்: மெஹக் முதலிடம். அன்புக்கரசி நான்காவது. மெடல் இல்லை.

மேடையில் இருந்த சிறப்பு விருந்தினர் மைக்கில், "அந்தப் பாப்பா கை மாத்திப் போடுது பாருங்க" என்று சிரித்தார். அன்புக்கரசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மாவுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. நான் வீடியோ எடுத்து அனுப்பினேன். பதிலாக இரண்டே சொல்: 'கால் சரி'.

பிப்ரவரி 24 – செவ்வாய்

கான்ட்ராக்ட் பற்றி இன்னும் பேச்சில்லை. நானாகப் போய்க் கேட்கப்போவதும் இல்லை.

மூன்றாம் பீரியட். கூடையைத் தரையில் வைத்துவிட்டு விசில் ஊதினேன். எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எடுத்துவிட்டு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.