கரப்பான் மருந்து அடித்த கோல்

பிப்ரவரி 4, ஞாயிறு

தொண்டை சரியில்லை. காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். இன்னும் இரண்டு வாரத்தில் முதல் ஆட்டம், அதற்குள் தேறிவிட வேண்டும்.

பாப்பாவைப் பெண்கள் கால்பந்து அணியில் எடுத்துவிட்டார்கள். ஓரத்தில் உட்கார வைப்பதற்கு இல்லை, நேராக முதல் பதினோரு பேரில். ஒன்பதாம் எண் சட்டை. இத்தனை வருடமாக மைதானத்து மாடி அறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் பெயரையெல்லாம் கூவியிருக்கிறேன். முகத்தில் விழிக்கப் பிடிக்காதவன் கோல் அடித்தால்கூட அவன் பெயரை வாய் நிறையச் சொல்லியிருக்கிறேன், வயிற்றெரிச்சலோடு. இனி என் வீட்டுப் பெயர்.

வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். நான் தேடித் தேடி வைத்த முழுப்பெயர் பள்ளிச் சான்றிதழிலும் டாக்டர் சீட்டிலும் தூங்குகிறது. குளிக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வெளியே இருந்து மனைவி கதவைத் தட்டினாள். "ஏங்க, உள்ள யாரைக் கூப்பிடறீங்க? அவ ஹால்ல உக்காந்து ஷூவுக்குக் கயிறு கோத்துட்டு இருக்கா."

பாப்பா கேட்டிருப்பாள். கேட்கட்டுமே.

பிப்ரவரி 9, வெள்ளி

கிளப் மேலாளர் கூப்பிட்டார். போனேன். அவர் பக்கத்தில் ஒரு விளம்பர மேடம், மடியில் மடிக்கணினி.

மைதானம் இனி வெறும் மைதானம் இல்லை, ஆழ்துயில் மெத்தை மைதானம். ஆட்டம் பார்க்க வருகிறவனைத் தூங்கச் சொல்லி வரவேற்க வேண்டும். ஃப்ரீ கிக்கை ஒரு மலச்சிக்கல் சூரணம் வாங்கியிருக்கிறது. ஆட்டக்காரியை மாற்றினால் பழைய வண்டிக் கடை. யாராவது அடிபட்டு விழுந்தால் தைலக் கம்பெனி. "எவ்வளவு நேரம் தரையில கிடக்கறாங்களோ அவ்வளவு நல்லது சார்" என்றார் மேலாளர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். சேம் சைடு கோலை மட்டும் எவரும் வாங்கவில்லையாம். அதில் அவருக்கு வருத்தம்.

அப்புறம் சட்டை எண்கள். ஒன்பது, "ஒரே அடி கரப்பான் மருந்து" கம்பெனிக்குப் போயிருக்கிறது. சட்டையில் எழுதிக்கொள்வார்கள், போகட்டும் என்று நினைத்தேன். அது இல்லை. ஒன்பதாம் எண் ஓடினாலும் விழுந்தாலும் கோல் அடித்தாலும் நான் மைக்கில் கம்பெனி பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

"சொல்றேங்க. கூடவே அந்தப் பொண்ணு பேரையும் சொல்லிடறேன்."

மேடம் பொறுமைசாலி. "சார், பணம் கட்டாத பேரை மைக்ல சொன்னா அது இலவச விளம்பரம். மத்த கம்பெனிங்க கேள்வி கேப்பாங்க."

"அது விளம்பரம் இல்லைங்க. பேரு."

"பேருதானே சார் விளம்பரம்."

மேலாளர் வாசல்வரை வந்து தோளில் கை போட்டார். ஒரு தடவை வாய் தவறினாலும் ஒன்பதாம் எண் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்காரும் என்றார். யார் மகள் என்று தெரிந்துதான் சொன்னார்.

பிப்ரவரி 10, சனி

வீட்டில் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

அடித்துவிட்டாள். இரண்டாம் பாதியில், இடது காலால், கோலி பாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். மேலே இருந்து பார்த்தேன், பந்து வலையில் விழுவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். மைக் கையில். வாய் திறந்தேன். மேலாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று விளம்பர வாசகம் எழுதிய அட்டையைக் காட்டினார்.

"கோல். அடித்தது ஒரே அடி கரப்பான் மருந்து. மூலை முடுக்கெல்லாம் ஓட விடாது."

பார்வையாளர்கள் முதலில் ஒன்றும் புரியாமல் இருந்தார்கள். பிறகு சிரித்தார்கள். பாப்பா தோழிகளின் பிடியிலிருந்து விலகி, மாடி அறையை நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஒயரை எதற்கோ நீவிக்கொண்டிருந்தேன்.

பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள் என்றுதானே? ஆமாம், அதற்காகத்தான். ஆனால் சொன்னது என் வாய்.

பிப்ரவரி 19, திங்கள்

பேசவில்லை. நான் ஹாலுக்கு வந்தால் பாப்பா அறைக்குள் போகிறாள்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு விஷயம், அட்டை விஷயம், எல்லாம். கேட்டுவிட்டு, "அதை முன்னாடியே அவகிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல" என்றாள். பிறகு மெதுவாக, "அவளை டீம்ல இப்போ எல்லாரும் ஸ்ப்ரேன்னு கூப்பிடறாங்களாம்" என்றாள்.

பாப்பாவிடம் போய் நின்றேன். "பெஞ்சுல உக்கார வச்சிடுவேன்னு சொன்னாங்கம்மா."

"உக்காந்திருப்பேன்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 3, ஞாயிறு

இன்று கோல் இல்லை. நன்றி கடவுளே என்று மனதில் பட்டது. என் மகள் கோல் அடிக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்கிற நாளும் வந்துவிட்டது.

நடு ஆட்டக்காரியை மாற்றினார்கள். அணியிலேயே மூத்தவள். "பழையதைக் கொடுங்கள், புதியதோடு போங்கள்" என்று நான் வண்டிக் கடை வாசகத்தை வாசிக்க, அந்த அம்மாள் கோட்டைத் தாண்டும்போது என் அறையைப் பார்த்துக் கையை ஓங்கினாள். நியாயம்தான்.

இடைவேளையில் வாசல் மேசையிலிருந்து போன். அந்த மேசையில் ஒரு பெண் காவலர் உட்கார்ந்திருப்பார், கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களுக்காக. ஒரு பெரியவர் கழிவறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை, மகன் தேடுகிறார், அறிவியுங்கள் என்றார். பழக்க தோஷம், "ஆழ்துயில் மெத்தை வழங்கும்..." என்று ஆரம்பித்துவிட்டேன். போனிலேயே ஒரு அதட்டல்.

"பெரியவரை யாரும் வழங்கலைங்க. பேரை மட்டும் சொல்லுங்க. காணாமப் போனவங்க அறிவிப்புல விளம்பரம் வரக்கூடாது, சட்டம்."

பெரியவரின் பெயரைச் சொன்னேன். எந்தச் சட்டை, எந்த மகன், எங்கே வர வேண்டும் என்று சொன்னேன். மைதானமே கை தட்டியது. பெரியவர் கிடைப்பதற்கு முன்னாலேயே. இந்தப் பருவத்தில் அந்த ஒலிபெருக்கியில் கேட்ட முதல் மனிதப் பெயர் அதுதான்.

அதன் பிறகு எனக்கு ஆட்டத்தில் கவனமே போகவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

காவலரைப் போய்ப் பார்த்தேன். சாலைச் சந்திப்பில் நின்றுகொண்டிருந்தார். வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"குழந்தைங்களுக்கு மட்டும்தானா மேடம் அந்த அறிவிப்பு?"

"காணோம்னா காணோம்தான். அதுல என்ன வயசு?"

"ஆளு எங்க இருக்காங்கன்னு ஒருத்தருக்குக் கண்ணுக்குத் தெரியுது, இன்னொருத்தருக்குத் தெரியலைன்னா?"

கையைக் காட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சொந்தக்காரங்க வந்து காணோம்னு சொல்லணும். சொன்னா நான் அறிவிச்சே ஆகணும். நிறுத்த உங்க மேலாளருக்கும் அதிகாரம் கிடையாது. போதுமா? ஓரமா நில்லுங்க, லாரி வருது."

மார்ச் 6, புதன்

மனைவியிடம் என் யோசனையைச் சொன்னேன். பைத்தியக்காரத்தனம் என்று திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். பாத்திரத்தைத் துடைத்து அடுக்கிவிட்டுக் கேட்டாள்.

"என்ன கலர் சட்டைன்னு கேப்பாங்களா?"

மார்ச் 17, ஞாயிறு

ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து மனைவி வாசல் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நிஜமாகவே எதையோ தொலைத்தவளைப் போல. முதல் பாதி முடிவதற்குள் பாப்பா தலையால் முட்டி ஒன்று போட்டாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், கரப்பான், மூலை, முடுக்கு, எல்லாம். மேலாளர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

போன் அடித்தது. காவலர்தான், பின்னால் மனைவியின் குரலும் கேட்டது.

"கடைசியா எங்கம்மா பாத்தீங்க?"

"கோல் கம்பத்துக்கிட்டங்க. இப்பத்தான். ஒரு கோல் அடிச்சா, அப்புறம் பேரையே காணோம்."

"பேரா, பொண்ணா?"

"ரெண்டும்தாங்க."

காவலருக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் இருமினார். பிறகு, "அறிவிங்க சார்" என்றார், அலுவல் குரலில்.

அறிவித்தேன். "பொதுமக்கள் கவனத்துக்கு. ஒரு பெண் காணாமல் போயிருக்கிறாள். ஒன்பதாம் எண் சட்டை. சற்று முன்பு வடக்குக் கோல் கம்பத்தருகே தலையால் கோல் அடித்தபோது பலரும் பார்த்திருக்கிறார்கள்." பிறகு பெயரைச் சொன்னேன். முழுப்பெயர். கூவவில்லை, நிதானமாகச் சொன்னேன். "பார்த்தவர்கள் உடனே தெரிவிக்கவும். அவளுடைய அம்மா வாசலில் காத்திருக்கிறார்."

அப்புறம் தெற்கு மூலையிலிருந்து ஒருவர் எழுந்து பாப்பாவைக் கை காட்டி, "அதோ, அங்க இருக்காங்க" என்று கத்தினார். பிறகு நாலாபக்கமும் எழுந்து நின்று கை காட்டினார்கள். மைதானம் முழுக்கக் கை. நடுவில் பாப்பா, வாயைப் பொத்திக்கொண்டு.

மேலாளர் கோப்பையோடு மாடிப்படியில் ஓடி வருகிற சத்தம் கேட்டது. எனக்குப் பயமே வரவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தேன், அதுதான் உண்மை.

மார்ச் 18, திங்கள்

வேலை போய்விட்டது.

மேலாளர் முதலில் பாப்பாவைத்தான் பெஞ்சில் உட்கார வைக்கப் பார்த்தார். விளம்பர மேடம் விடவில்லை. "ஒன்பதாம் நம்பர் உக்காந்துட்டா எங்க மருந்து எப்படி சார் கோல் அடிக்கும்?" என்று சண்டை போட்டார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், வேடிக்கைதான். காணாமல் போனவர் அறிவிப்பையும் வாங்கிவிடலாமா என்று கம்பெனியில் கேட்டாராம். ஆள் காணாமல் போவதோடு பூச்சி மருந்தைச் சேர்த்துச் சொன்னால் விற்பனை படுத்துவிடும் என்று மறுத்துவிட்டார்களாம்.

இனி அறைக்கு ஆள் கிடையாது. பதிவு செய்த குரல் போடப்போகிறார்கள். நான் வீட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதையும் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 20, புதன்

பாப்பா பேசினாள். சமாதானமாக இல்லை.

"உங்களை யாருப்பா சொல்லச் சொன்னா? நான்தான் பெஞ்சுல உக்காந்திருப்பேன்னு சொன்னேன்ல. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்க."

"எனக்கு வயசாச்சும்மா. உக்கார வேண்டியதுதான்."

"அந்த மிஷின் எப்படிப் பேசுதுன்னு கேட்டீங்களா? பயிற்சியில போட்டுக் காட்டினாங்க. நான் விழுந்தாலும் கோல் அடிச்சாலும் ஒரே மாதிரி சொல்லுது."

எழுந்து போய்விட்டாள். அழுதாளா? மனைவி இல்லை என்கிறாள். அழுதிருக்கிறாள்.

மார்ச் 31, ஞாயிறு

வாழ்க்கையில் முதல் தடவையாக டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்த மைதானத்துக்குள் போனேன். மனைவி பக்கத்தில். கிழக்குப் படிக்கட்டில், வெயிலில். மேலே கண்ணாடி அறை காலியாக இருந்தது. அங்கே பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

கடைசிக் கட்டத்தில் பாப்பா அடித்தாள். நான் அவள் பெயரைச் சொன்னேன், ஆனால் பக்கத்து வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. மிஷின் சொன்னது, கரப்பான் மருந்து. சிலர் பழக்கத்தில் கை தட்டினார்கள்.

பாப்பா கொண்டாடவில்லை. பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு, கோட்டைத் தாண்டி, வேலிக் கதவைத் திறந்துகொண்டு நேராக வாசல் மேசைக்கு நடந்தாள். நடுவர் விசில் ஊதிக்கொண்டே பின்னால் போனார். மைதானம் எழுந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. மாடியில் ஆள் இல்லாததால் மேசையிலேயே ஒரு மைக் வைத்திருக்கிறார்கள், காவலரே அதை எடுத்துவிட்டார். திருடனைப் பிடிக்கிற குரல்.

"கவனிக்கவும். ஒரு பொண்ணு தன்னோட அப்பாவைக் காணோம்னு வந்திருக்கு." பாப்பாவின் முழுப்பெயரைச் சொன்னார். அடுத்து என் பெயரைச் சொன்னார். என் பெயரை அந்த ஒலிபெருக்கியில் நான் கேட்டதே இல்லை. சொல்ல வேண்டியவனே நான்தானே. "எங்க இருந்தாலும் மேசைக்கு வாங்க. அடையாளம் என்னம்மா?" என்று அவளிடம் கேட்டதும் ஊருக்கே கேட்டது.

"குரல் நல்லா இருக்கும்" என்றாள் பாப்பா.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. மனைவி முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். மேசை முன்னால் போய் நின்றேன். காவலருக்கு என்னை நன்றாகவே தெரியும். இருந்தாலும் மைக்கை என் பக்கம் திருப்பினார். "நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்? பேசுங்க."

பேசினேன். அவள் பெயரைத்தான் சொன்னேன். பாதியில் உடைந்து, மீதி காற்றாக வந்தது. இவ்வளவு மோசமாக எந்தப் பெயரையும் நான் சொன்னதில்லை.

காவலர் சந்தேகமாகப் பாப்பாவைப் பார்த்தார். "இவர்தானாம்மா?"

"இவர்தான்."

நடுவர் மஞ்சள் அட்டையோடு காத்திருந்தார். காட்டினார். பாப்பா தலையாட்டிவிட்டு ஆடப் போனாள்.