உன்னை இழுத்த முதலைக்கு ஊர் வைத்த பெயர்

அன்பின் மச்சான் குணாவுக்கு,

உன் முப்பத்தோராம் நாள் காரியம் போன கிழமை முடிந்தது. தங்கச்சி இன்னும் வாவிப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை. சின்னவள்தான், "அப்பாவ இழுத்தது முதலையா, ஆளா மாமா?" என்று கேட்டபடி இருக்கிறாள். நான் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

ஊர் பதில் சொல்லிவிட்டது மச்சான். துறையடியில் தனியாகக் குடில் போட்டிருக்கும் செல்லையர்தானாம். "அவன்தான்கா முதலையா மாறி வாறான். தோலப் பாருங்க, செதில் செதிலாக் கிடக்கு!" என்கிறார்கள், உன்னோடு வலை வீசினவர்களே. அது பழைய சிரங்கு. வேப்பெண்ணெய் வாங்கிக் கொடுத்தவனே நீதானே? நேற்று அவருடைய தோணியை எரித்துவிட்டார்கள். ஞாயிறு பின்னேரம் குடிலுக்குப் போகப்போகிறார்களாம்.

கட்டாரில் வேலை செய்தபோது என் அறைக்காரர்கள் சொன்ன கதைகளைப் போனில் உனக்குச் சொல்வேனே, ஞாபகமா? சீனன் ஊர் ஆற்றில் டிராகன், நேபாளி ஊர் ஏரியில் நாகம். பிலிப்பைன்ஸ்காரன் ஊரில் மனிதன் நாயாக மாறுவானாம், எத்தியோப்பியன் ஊரில் கழுதைப்புலியாக. ஒன்றையொன்று பார்த்திராத ஊர்களுக்கு எப்படி ஒரே கதை என்று நீ கேட்டாய். எல்லா ஊரிலும் தண்ணீர் ஆளை விழுங்கும், பல்லைக் கண்டால் எல்லாருக்கும் பயம், அதுதான் என்று பெரிய மேதாவி போலச் சொன்னேன்.

அது பாதிதான். மாறுகிறவன் ஏன் எப்போதும் ஒதுக்குப்புறத்து ஆளாகவே இருக்கிறான்? எத்தியோப்பியன் ஊரில் அது இரும்படிக்கிறவனாம். அன்று சிரித்தேன். எவனோ செய்ததை மறைக்க இன்னொருவனுக்கு வால் ஒட்ட வேண்டியிருக்கிறதோ?

என் கோழிக்கடைக் கழிவு எங்கே போகிறது என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. குப்பை வண்டிக்குக் காத்திருக்கப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் மத்தியானத்தில் வாளியோடு போய்த் துறையடிக் கண்டல் மரங்களுக்குள் கொட்டினேன். முதலை அங்கே பழகியது அதற்குத்தான். நீ இடுப்பளவு நீரில் வீச்சுவலையோடு நின்றதும் அங்கேதான். உன் சத்தம் முதலில் கேட்டது, கரையில் வாளி கழுவிக்கொண்டிருந்த எனக்கு.

இன்று காலை செல்லையர் கடைக்கு வந்தார். "அண்டைக்கு மத்தியானம் நான் நித்திரை தம்பி. எனக்கே தெரியாம மாறிப் போயிருப்பனோ?" என்று கேட்டார். அவரே நம்பத் தொடங்கிவிட்டார் மச்சான்.

ஞாயிறு அவர்கள் வருமுன் அந்த வாளியோடு குடில் வாசலில் நான் நிற்பேன். அதற்கு முன் சின்னவளுக்கும் என் வாயாலேயே சொல்வேன். பிறகு என்னை அவள் எப்படிக் கூப்பிடுவாளோ தெரியாது.

அதுவரைக்கும்,
உன் பிள்ளைகளின் மாமன்,
சிவா