சுறா சுந்தரம் வகுப்புக்கு வரவில்லை

மே 4, திங்கள்

படகு எஞ்சின் பழுது பார்க்க ஆன்லைன் வகுப்பு. ஆசிரியர்: கோவளம் லட்சுமணன், அதாவது என் அப்பா. கேமரா, விளம்பரம், தலைவலி: நான். போன வருடம் எஞ்சினில் மாட்டிய அப்பாவின் வலது கை இன்னும் மடங்கவில்லை. வாய் மட்டும் நூறு குதிரைத்திறனில் ஓடுகிறது. அதை வைத்துப் பிழைக்கலாம் என்பது என் யோசனை.

மே 7

பதிந்தவர்கள் மூன்றே பேர். அப்பா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "இன்னாடி ஜோதி, ஏறுச்சா?" என்கிறார். பொறுக்கவில்லை. படிவத்தில் நானே ஆள் சேர்த்தேன். சுறா சுந்தரம், நண்டு நடேசன், வஞ்சிரம் வரதன்... மொத்தம் முப்பத்தெட்டு. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்பா பார்த்ததுமே கண்டுபிடித்து முதுகில் ஒன்று வைப்பார்.

மே 8

கண்டுபிடிக்கவில்லை! எங்கள் கடற்கரையில் பட்டப்பெயர் இல்லாத ஆள் யார்? அப்பாவின் கூட்டாளிகளே பேய் அப்பாசாமி, ஓட்டை ஏசுதாஸ்.

"சுறா சுந்தரம் பழவேற்காட்டு ஆளா இருப்பான்டி."

மே 9

சிறுசேரியில் கிடைத்த செக்யூரிட்டி வேலையை அப்பா வேண்டாமென்று சொல்லிவிட்டார். "நாப்பத்தோரு பேரு நம்பிகினு கீறாங்க, அம்சா."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். மூடு என்றால் மூடாத என் வாய், இன்று மட்டும் ஏன் திறக்கவில்லை?

மே 10, ஞாயிறு

முதல் வகுப்பு. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். வருகைப் பதிவு எடுப்பார் என்று யார் கண்டது? நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராக —

"நண்டு நடேசன்?" காத்திருந்தார். "நெட்டு மக்கர் பண்ணுது போல. வஞ்சிரம் வரதன்?"

முப்பத்தெட்டு முறை காத்திருந்தார். ரஹ்மத்துல்லா, குமார், துரை மட்டும் "உள்ளேண்ணே" என்றார்கள். மூன்று பேருக்கும் ஒரு மணி நேரம், ஒரு குறையில்லாமல் நடத்தினார்.

முடிஞ்சதும் சொல்லிட்டேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "எல்லாமே நீதானா?" அவ்ளோதான் கேட்டாரு.

மே 12

செக்யூரிட்டி வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்றாம். அப்பா என்னிடம் பேசுவதில்லை.

மே 17, ஞாயிறு

இரண்டாம் வகுப்பு. அதே மூவர். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக் காட்ட வேண்டும். அப்பாவின் கைக்கு முடியாது. போனை ஸ்டூலில் சாய்த்துவிட்டு எஞ்சின் பக்கத்தில் போய் நின்றேன். நோட்டில் முப்பத்தேழு பெயர்களை அடித்திருந்தார். மூவரையும் கூப்பிட்டு முடித்தார். பிறகு ஒரு வாரத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார், சிரிக்காமல்.

"சுறா சுந்தரம்?"

"உள்ளேன் ஐயா."

சொல்லிவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றைக் கையில் பிடித்தேன்.